சம்பந்தியிடம் நாகமணி பேசிய ஸ்பானிஷ்

என் ஓரகத்தி நாகமணிக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று மலேசியாவில் எங்கள் ஊரான அசாம் ஜாவாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எவ்வளவு தெரியும் என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும்.

எஸ்டேட்டில், எண்ணெய் ஆட்டும் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவளுக்கு. என் கொழுந்தன் செத்துப்போன பிறகு, ஒற்றை மகள் மாதவியை அந்த வேலையிலேயே படிக்க வைத்தாள். காலை வேலை முடிந்து வந்தால் டிவியில் மெக்சிகோ நாடகம். பேச்சு ஸ்பானிஷில் வரும், கீழே மலாய் எழுத்து ஓடும். இவள் சத்தத்தைக் காதில் வாங்கி, மலாயைப் படித்து, பொருளைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். 'மெந்தீரா' என்றால் பொய். 'பெர்தோன்' என்றால் மன்னிப்பு. 'நுன்கா' என்றால் ஒருக்காலும் இல்லை. 'மி விதா' என்றால் என் உயிரே. அந்த நாடகத்தில் யாராவது நிம்மதியாகச் சோறு தின்றால்தானே? எந்நேரமும் அழுகை, சாபம், காதல். அதனால் அவள் நோட்டில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் சொல்லே கிடையாது. துரோகத்துக்கு மட்டும் நான்கு இருந்தன. குழம்பில் உப்புக் குறைந்ததற்கு என்னை 'திரைதோரா' என்று கூப்பிட்டாள். துரோகி என்று பொருளாம்.

இந்தக் கூத்து இப்படியே போயிருக்கும். போன வருஷம் மாதவி, ராவாங்கில் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு ஸ்பெயினிலிருந்து வந்திருந்த தியேகோ என்ற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். நாகமணி மறுக்கவில்லை. மறுக்க அவளுக்கு எங்கே நேரம்? ஸ்பானிஷ் மருமகன் என்றதும் நோட்டைத் தேடப் போய்விட்டாள். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பையனின் அம்மா கார்மென், கல்யாணம் தன் ஊரில்தான் என்றார். நாகமணிக்கோ அது நம் மாரியம்மன் கோயிலில்தான் நடக்க வேண்டும். தாலியை இங்கே கட்டினால் பெண் இங்கேயே இருக்கும், அங்கே கட்டினால் கையைவிட்டுப் போய்விடும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேலை எங்கேயோ அங்கேதானே போகும் என்று சொல்லிப் பார்த்தேன். முறைத்தாள்.

கல்யாணப் பேச்சுக்காக கார்மென் வந்து பக்கத்து டவுன் கோல சிலாங்கூரில் ஓர் ஓட்டலில் தங்கினார். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போன நேரம் பார்த்து, மறுநாள் காலையிலேயே நாகமணி என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். மொழிபெயர்க்க மகள் வேண்டாமாம்.

"சம்பந்தி பேச்ச சம்பந்திதான் பேசணும்க்கா. எனக்கு வாயில்லையா?" என்றாள். அந்த வாயை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

ஓட்டல் முன்கூடத்தில் கார்மெனைப் பார்த்ததும் 'மி விதா' என்று கட்டிப்பிடித்தாள். அந்த அம்மாள் மிரண்டு, பிறகு சிரித்து, இவளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நான் மூக்கை இடித்துக்கொண்டேன். அரைமணி நேரம் இருவரும் என்னென்னவோ பேசிக் கையைத் தட்டிக்கொண்டார்கள். கோயில் பேச்சு மட்டும் வரவே இல்லை. கோயிலுக்கும் நோட்டில் சொல் இல்லையாம்.

பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். 'அதியோஸ்' சொல்லிவிட்டு வா என்றேன். அந்த ஒரு சொல் எனக்கே தெரியும். அவளுக்கு வந்ததே கோபம். நாடகத்தில் சாகப் போகிறவர்கள்தான் அதைச் சொல்வார்களாம். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் போகிறேன் என்று யாராவது சொல்வார்களா, போய்விட்டு வருகிறேன் என்றுதானே நம் வழக்கம் என்று என்னைத் திட்டினாள். நோட்டைப் புரட்டி, 'வோய் ஈ வுவெல்வோ' என்றாள். போகிறேன், திரும்பி வருகிறேன். கார்மென் தலையாட்டி, 'தே எஸ்பெரோ' என்றார். உனக்காகக் காத்திருக்கிறேன் என்று பொருளாம். என்ன பாசம், என்ன பாசம் என்று நாகமணி வீடு வரைக்கும் உருகிக்கொண்டே வந்தாள்.

வந்ததும் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டையும் விட்டாள். மூன்று மணிக்கு மாதவியிடமிருந்து போன். கார்மென் பதினொரு மணியிலிருந்து அதே நாற்காலியில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறாராம். ஓட்டல்காரர் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும், சம்பந்தி வந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறேன் என்றுவிட்டாராம். 'ஆஸ்தா லுவேகோ' என்றிருந்தால் பிறகு பார்க்கலாம் என்று அதோடு முடிந்திருக்குமே என்று மாதவி போனிலேயே அழுதாள். நாகமணி அப்படியே செருப்பை மாட்டினாள். கல்யாணமே போச்சு என்றாள்.

ஓட்டலில் இவள் செய்ததை என் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன். கார்மென் முன்னால் முட்டி போட்டாள். 'பெர்தோன்' என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் மடமடவென்று என்னவோ பொழிந்தாள். நான் பாவி, உயிரோடு இருக்கத் தகுதியில்லாதவள், என் மகளை என்னிடமிருந்து பறித்துவிடாதீர்கள் என்றெல்லாம் சொன்னாளாம். பிறகு மாதவி சொல்லித்தான் தெரிந்தது. அத்தனையும் நாடக வசனம். துடைப்பத்தோடு நின்ற பெண்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் ராவாங்கிலிருந்து தியேகோவோடு ஓடி வந்த மாதவி, நாங்கள் யாரிடமும் போகிறேன் என்று சொல்வதில்லை, திரும்பி வராவிட்டாலும் வருகிறேன் என்று சொல்லித்தான் கிளம்புவோம் என்று விளக்கினாள். கார்மென் வயிறு குலுங்கச் சிரித்தார். இவளை என் ஊருக்குக் கூட்டிப்போனால் தெருவில் பாதிப் பேர் பட்டினியோடு காத்துக்கிடப்பார்கள், கல்யாணம் இங்கேயே நடக்கட்டும் என்றார்.

நாகமணி குதித்து எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இனி என் பிள்ளை இங்கேதான் இருக்கும் என்றாள். மாதவி தியேகோவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவனுக்கு இங்கே வேலை டிசம்பரோடு முடிகிறது. மாதவிக்கும் ஸ்பெயினில் வேலை கிடைத்துவிட்டது. நான் உட்பட எல்லாருக்கும் இது தெரியும், இவளிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

"தாலி இங்க கட்டினாலும் நான் போவணும்மா," என்றாள் மாதவி.

இருபது வருஷம் நாடகம் பார்த்து எழுதிய அழுகை வசனத்தில் ஒன்றுகூட நாகமணிக்கு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் கேலி பண்ணினோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நாகமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியிடம் ஒன்று கேட்டுச் சொல் என்றாள் மகளிடம்.

"அவங்க ஊர்ல செம்பனை இருக்கா?"

மாதவி கேட்டாள். செம்பனை கிடையாதாம். ஊரைச் சுற்றி ஒலிவ மரம்தானாம். பழம் உதிரும், பொறுக்கி எண்ணெய் ஆட்டுவார்களாம்.

"அப்ப எனக்கு வேலை இருக்குலா," என்றாள் நாகமணி. "பாஸ்போர்ட் எடுக்க எங்க போவணும்?"