ஆண் மீனின் வயிற்றில் முட்டை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். மீன் விஷயத்தில் என்னை ஒருவரும் ஏமாற்றியதில்லை... போன புதன்கிழமை வரை.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் சுனில். ஆறு கடலில் விழுகிற இடத்தில் பிடித்த மணலை மீன் இருந்தால் எங்கள் கேற்றடியில்தான் முதல் மணி அடிப்பார். மருமகள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் நான் சினை மீன் வெட்டமாட்டேன் — அது என்னுடைய சட்டம். மீனின் வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன். வெள்ளையாகப் பால் கசிந்தால் ஆண். அதைத்தான் வாங்குவேன்.

அன்றும் கசிந்தது. வாங்கினேன், வெட்டினேன். ஆண் மீனின் வெள்ளைப் பால் பைக்குள்ளேயே மஞ்சள் மஞ்சளாக... முட்டை!

கத்தியும் கையுமாகக் கேற்றுக்குப் போனேன். நல்லவேளை, சுனில் இன்னும் அங்கேதான் நின்றார்.

“கிழவிதானே எண்டு சினை மீனைத் தள்ளிவிட்டீரோ?”

“ஐயோ அம்மே, நீங்கதானே அமுக்கிப் பாத்தது! மீன்ட வயித்துக்குள்ள நான் போய்ப் பாக்கவா?”

சத்தம் கேட்டு மருமகள் வந்தாள். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள். குனிந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

“மாமி, அவரை ஏசாதேங்கோ. இது ஆண்தான்.”

“ஆணுக்கு எப்பிடி முட்டை வரும்?”

“ஆண் மீன்ர உடம்பிலயும் முட்டைக்குரிய ஜீன் இருக்கு மாமி. சும்மா நித்திரையாக் கிடக்கும். ஹோர்மோன் வந்து எழுப்பினாத்தான் வேலை செய்யும். ஆத்தில கலக்கிற கழிவுத் தண்ணியில சில கெமிக்கல் இருக்கு... அது ஹோர்மோன் மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வரும். உடம்பு நம்பி எழும்பிடும்.”

“ஆரெண்டு கேக்காமலோ?”

“நாங்கள் கேக்கிறமோ மாமி?”

போன மாதம் பட்டப்பகலில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியவர்களும் யூனிபோர்மில்தான் வந்தார்கள். வீட்டுக்காரர் கேள்வி கேட்காமல் திறந்துவிட்டார்கள். வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போன அந்த வீட்டுப் பெடியன் இன்னும் திரும்பவில்லை. பொலிஸில் விசாரிக்கப் போனால், “நாங்கள் ஒருவரையும் அனுப்பவில்லையே” என்கிறார்கள்.

மருமகளின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

“மூண்டு மாசமா இந்த மணலையைத்தானே சாப்பிட்டனான்...”

“பிள்ளைக்கு ஏதும் செய்யுமோ?”

“தெரியாது மாமி.”

படித்தவளே தெரியாது என்றால், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நான் எங்கே போவேன்? ஆனாலும் சொன்னேன்: “ஒண்டும் செய்யாது. அஞ்சு வளர்த்தவள் சொல்லுறன்.”

நம்பிவிட்டாள். போய்ப் படுத்துக்கொண்டாள்.

மீனைக் குப்பையில் போட்டேன். சட்டியைக் கழுவக் குழாயைத் திறந்தேன்... கை அப்படியே நின்றது. இந்தத் தண்ணீர் மட்டும் எங்கேயிருந்து வருகிறது?

இவ்வளவும் நான் சொல்ல, பேத்தி எழுதினாள். எங்கே பிள்ளை, ஒருக்கா வாசி பாப்பம். உள்ளே கேட்காமல் மெதுவாக வாசி. உள்ளே படுத்திருக்கிறவளின் வயிற்றில் இருப்பது, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும்.