நடக்கத் தெரியாத பேண்டு

எங்கள் சித்தப்பா ஒரு பேண்டு வைத்திருந்தார். இதைப் படித்ததுமே நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மேனாம்பேட்டில் என்னோடு படித்த பையன்களும் அப்படித்தான் சிரித்தார்கள். "டேய், உங்க சித்தப்பா எங்கடா பேண்டாரு?" என்று ஒருவன் ஆரம்பிப்பான். "ஆவடியில!" என்று இன்னொருவன் முடிப்பான். எனக்கு அழுகை வந்துவிடும். அந்தச் சொல்லுக்கு வாத்தியக் கோஷ்டி என்று வேறு அர்த்தம் இருக்கிறது என விளக்கப் போனால் இன்னும் மோசம்.

அது எழுபதுகளின் தொடக்கம். சித்தப்பா என் நைனாவுக்கு ஒரே தம்பி. தலைமுடி தோளைத் தொடும். அவரும் ஆவடியிலிருந்து வரும் மூன்று சிநேகிதர்களும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில், சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சாக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசிப்பார்கள். சித்தப்பாவின் கிதார் மின்சாரத்தில் பாடுவது. அதிலிருந்து ஒரு ஒயர் போய் மரப்பெட்டியில் சேரும், பெட்டிதான் கத்தும். காலடியில் ஒரு கட்டை இருக்கும். அதை மிதித்தால் கிதார் பூனை மாதிரி அழும். ஒரு பாட்டு தொடங்கினால் எப்போது முடியும் என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாது.

முதலில் கல்லூரி விழாக்களில் வாசித்தார்கள். கைதட்டல் கிடைத்தது. பிறகு பட்டணத்தில் ஒரு ஓட்டலில் கொஞ்ச காலம். சாப்பிட வந்தவர்கள் பாதியில் எழுந்து போகிறார்கள் என்று முதலாளி நிறுத்திவிட்டார். அதன்பின் ஆவடியில் இரண்டொரு கல்யாண வரவேற்பு. அப்புறம் கொட்டகைதான்.

அந்தச் சங்கீதத்துக்கு 'சைக்கடெலிக் ராக்' என்று பெயர். எங்கள் வீட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. 'சைக்கிள் பாட்டு' ஆகிவிட்டது.

"கண்ண மூடிக்கினு கேளு அண்ணாத்தே, கலர் கலரா தெரியும்" என்பார் சித்தப்பா.

"செயின் கயண்ட சைக்கிள்தான்டா தெரியுது" என்பார் நைனா.

நைனாவுக்குப் பாடி என்ற பக்கத்து ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தம்பிக்கும் அங்கே ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவியபடியே முடிவாகச் சொன்னார்: "ஆடி மாசம் நம்ம அம்மன் கோயில் திருவிழாவுல வாசி. ஊரு ஒத்துக்கிச்சின்னா நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லேன்னா முடிய வெட்டிகினு என்கூட வேலைக்கு வந்துரு."

சித்தப்பா சரி என்றார். ஊர் ஒத்துக்கொள்ளக் கூடாது என்று நான் அம்மனிடம் தனியாக வேண்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு நிம்மதி வேண்டும் அல்லவா?

எங்கள் கோயில் தர்மகர்த்தாவுக்கு வேறொரு ஆசை இருந்தது. பக்கத்து ஊர்த் திருவிழாவில் சிவப்புக் கோட்டுப் போட்ட பேண்டு வாத்தியக்காரர்கள் சாமிக்கு முன்னால் ஊதிக்கொண்டே நடந்து போனதை அவர் பார்த்திருந்தார். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உன்னுது பேண்டுதானே?"

"பேண்டேதான் தலைவரே."

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. வருஷா வருஷம் வரும் பம்பைக்காரர்களை இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் தர்மகர்த்தா.

திருவிழாவன்று சாயங்காலம் கோயில் வாசலில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, நால்வரும் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அலங்காரம் முடிந்து அம்மன் பல்லக்கில் வெளியே வந்தாள். பல்லக்கின் முன்தண்டு நைனாவின் தோளில் இருந்தது.

"இன்னாப்பா, குந்திகினு கீறீங்க? சாமி கெளம்புது, நடங்க" என்றார் தர்மகர்த்தா.

"நடக்க முடியாது தலைவரே. ஒயர் கீது" என்றார் சித்தப்பா.

"ஒயர அவுத்துட்டு நட."

"அவுத்தா சத்தம் வராது."

"சத்தம் வராத வாத்தியத்த இன்னாத்துக்குடா தூக்கினு வந்தே?"

கூடியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிநேகிதர்கள் மூவரும் கோபித்துக்கொண்டு மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் தர்மகர்த்தா சிரிக்கவில்லை. வாத்தியம் இல்லாமல் அம்மன் தெருவில் இறங்குவது எங்கள் ஊரில் வழக்கமே இல்லை. பம்பைக்காரர்களோ அந்நேரம் திருமுல்லைவாயிலில் வேறொரு கோயிலில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பல்லக்கு தோளிலேயே நின்றது. பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

சித்தப்பா ஒயரைப் பிடுங்கினார். கிதாரை மாட்டிக்கொண்டு அம்மனுக்கு முன்னால், நைனாவுக்கு ஓரடி தள்ளிப் போய் நின்றார். வாசிக்கத் தொடங்கினார். பல்லக்கு நகர்ந்தது.

விரல்கள் ஓடின, சத்தம்தான் இல்லை. கிட்டே போனால் கொசு பாடுவதுபோல ஏதோ கேட்கும், அவ்வளவுதான். வாசல்தோறும் ஜனங்கள் தேங்காய்த் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். "எனக்குத்தான் காது பூடுச்சின்னு பயந்துட்டேன்பா" என்றார் ஒரு பெரியவர். "இன்னாடா, உங்க சித்தப்பா பலகைய சொறிஞ்சிகினே போறாரு?" என்று என் வகுப்புப் பையன் கத்தினான். நான் பல்லக்கின் மறுபக்கம் போய்க் கூட்டத்துக்குள் நடந்தேன்.

சித்தப்பா யாரையும் பார்க்கவில்லை. அவசரப்படவும் இல்லை. அம்மன் நின்ற இடத்தில் நின்றார், நடந்தபோது நடந்தார். ஊரைச் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பும்வரை ஒரு பாட்டைக்கூடப் பாதியில் விடவில்லை.

திங்கட்கிழமை காலை முடி வெட்டிக்கொண்டு, காக்கிச் சட்டையோடு, நைனாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனார். என் வேண்டுதல் பலித்துவிட்டது. கொஞ்ச நாளில் பையன்களும் என்னை விட்டுவிட்டு வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நைனா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டே ஏதோ முனகினார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த எந்தப் பாட்டாகவும் அது இல்லை. மேலே போய்ச் சுற்றிச் சுற்றி வந்தது. துண்டால் முகம் துடைத்தபடி வெளியே வந்த சித்தப்பா அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார்.

"அங்க ஏறாது அண்ணாத்தே" என்றார் மெதுவாக. "எறங்கும்."

நைனா சட்டென்று நிறுத்திவிட்டார். தம்பியை நிமிர்ந்து பார்க்கவில்லை. துடைத்த கம்பியையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறர் பொருளை எடுத்து அகப்பட்டவருடைய முகம் அது. கொட்டகையில் வாசித்தபோதெல்லாம் கதவைச் சாத்தச் சொன்னவர் அந்தப் பாட்டை எங்கே கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. நைனா எதற்காக இப்படி வெட்கப்படுகிறார் என்றும் விளங்கவில்லை. அவர் சொன்னதுதானே நடந்தது?