பம்பரம் உட்கார்ந்த சாயங்காலம்

பம்பரம் என்று கேட்டால்தான் அந்தக் குதிரை லாயத்தில் யாரும் அவரைக் கை காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையோடு நின்றுவிட்டது. லாயத்தின் மூத்த பராமரிப்பாளர் அவர். பேசினால் நடப்பார், சாப்பிட்டால் நிற்பார், பார்க்க வந்த ஆளையும் கூடவே நடக்க வைத்து மூச்சு வாங்க விடுவார். நாற்காலிக்கும் அவருக்கும் ஜென்மப் பகை. அவர் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்பவர்கள் ஒன்றிரண்டு பேர் உண்டு. அவர்களும் சத்தியம் செய்யச் சொன்னால் யோசிப்பார்கள்.

குதிரைகளுக்கு இப்படி ஒரு ஆள் வாய்த்தது அதிர்ஷ்டம். விடிவதற்குள் எல்லாக் குளம்பும் சுத்தமாகிவிடும், எல்லா முதுகையும் தேய்த்து முடித்திருப்பார். அதிர்ஷ்டம் இல்லாமல் போனது மனைவிக்குத்தான். அந்த அம்மாள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருப்பவர், ஒரே இடத்தில் உட்கார்ந்து பிழைப்பவர். பித்தப்பைக் கல்லுக்கு அவருக்கு ஆபரேஷன் நடந்த அன்று, நம் ஆள் ஆஸ்பத்திரி வராந்தாவில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிய சுற்றில், காவலாளி செல்போன் திருட வந்தவன் என்று நினைத்து வெளியே அனுப்பிவிட்டான். மனைவி கண் விழித்தபோது பக்கத்து நாற்காலியில் புருஷனுடைய சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த அம்மாள் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது. "பை உட்கார்ந்திருந்துச்சு. இவர் உட்காரல." எல்லாரும் சிரிப்பார்கள். பம்பரம் குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க நழுவிவிடுவார்.

லாயத்தில் ஒரு வயதான பெண்குதிரை இருந்தது. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. எல்லாரும் அதைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வட்டாரத்தில் சவாரி பழகிய பாதிப்பேர் முதன்முதலில் ஏறியது அதன் முதுகில்தான், விழுந்ததும் அங்கிருந்துதான். யாராவது விழுந்தால், எழுந்திருக்கும்வரை நின்று, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நகரும். சவாரிக்காரர்களுக்கென்று செல்போனில் ஒரு குரூப் இருந்தது. எந்தக் குதிரைக்கு லாடம் மாற்றினார்கள், எது நொண்டுகிறது, யார் சேணத்தை விற்கிறார்கள் என்று லாயத்துச் செய்தி எல்லாம் அதில்தான். செய்தி போடுகிறவர் பம்பரம். எழுத உட்கார வேண்டுமே, அதனால் நடந்துகொண்டே குரலில் பதிந்து அனுப்புவார். பின்னால் அவர் செருப்புச் சத்தமும் சேர்ந்து கேட்கும்.

போன விடுமுறை நாளில் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெரியம்மாவின் தண்ணீர்த் தொட்டியில் பாசி படிந்திருந்தது கண்ணில் பட, சோப்புத் தூள் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, படம் எடுத்து குரூப்பில் போட்டார். கட்டைவிரல்கள் குவிந்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனபோது பெரியம்மா தீவனத்தைத் தொடாமல் நின்றது. முன்காலால் தரையைப் பறித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. குதிரைக்கு வயிற்று வலி என்றால் விளையாட்டில்லை. அதற்கு வாந்தி எடுக்க வராது, குடல் அடைத்தால் கீழ் வழியாக லத்தி, அதாவது சாணம், இறங்கினால்தான் விடிவு. வலி வந்தால் நடக்க வை என்பது லாயத்தில் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம். அதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? கயிற்றைப் பிடித்தார், நடந்தார், நடந்தார், வெயில் ஏறியும் நடந்தார். நடுநடுவே குரூப்பில், "பெரியம்மா இன்னும் லத்தி போடல. நடந்துட்டு இருக்கோம்."

கால்நடை டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது குதிரை வியர்வையில் குளித்திருந்தது, அவரும்தான்.

"அண்ணே, நிறுத்துங்க. எவ்வளவு நேரமா இப்படி?"

"காலையில இருந்து டாக்டர். ஒரு நிமிஷம்கூட விடல."

"அதான் இப்படி நடுங்குது. வலியில இருக்கிற உயிரை இப்படியா நடத்துவாங்க?"

ஈறின் நிறம் பார்த்தார். விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். தோள்வரை கையுறை மாட்டி உள்ளே சோதித்தார். பிறகு வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் செலுத்தித் தண்ணீரும் எண்ணெயும் வயிற்றுக்குள் இறக்கினார்.

"புல்லு கட்டியா அடைச்சுக்கிட்டு இருக்கு. தண்ணி சரியா குடிக்கலையா?"

பம்பரம் தொட்டியைப் பார்த்தார். நிறைந்திருந்தது. டாக்டரம்மா குனிந்து முகர்ந்தார்.

"சோப்பு வாசனை அடிக்குதே. இதை யார் கழுவினது? குதிரைக்கு மூக்கு நம்மளை மாதிரி இல்லைண்ணே. வாசனை பிடிக்கலன்னா தாகத்துல நின்னாலும் வாய் வைக்காது."

இரண்டு நாளும் தொட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதியாகக் கடந்து போனவர் பம்பரமேதான். குடித்துக் குறைந்ததா என்று நின்று பார்க்க அவருக்கு ஏது பொறுமை?

"நான்தான்" என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை. "இருட்டுறதுக்குள்ள லத்தி போட்டுட்டா பிழைச்சுக்கும். இல்லன்னா வயித்தைக் கிழிக்கணும், இந்த வயசுக்கு அது தாங்காது. உருண்டு புரண்டா மட்டும் எழுப்புங்க. மத்தபடி அது நின்னா நிக்கட்டும், படுத்தா படுக்கட்டும். யாராவது ஒருத்தர் பக்கத்துல அமைதியா உட்கார்ந்திருக்கணும். உங்க படபடப்பு கயிறு வழியா அதுக்குப் போகுது. முதல்ல அந்த போனை அணைச்சு வைங்க."

"நான் உட்கார்றதா?"

"அது உங்களைத்தானே தேடுது."

உண்மைதான். அவர் நகர்ந்த பக்கமெல்லாம் அந்தத் தலை திரும்பியது. டாக்டரம்மா அடுத்த கொட்டடிக்கு வேறு குதிரை பார்க்கப் போனார். பம்பரம் போனை அணைத்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

முள்ளின் மேல் உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. முழங்கால் தானாக ஆடியது. கூரையில் ஓர் ஓடு விலகியிருந்தது, துடைப்பம் தலைகீழாக நின்றது, கதவுக் கொக்கி தளர்ந்திருந்தது. எல்லாம் வா வா என்று கூப்பிட்டன. நூறு தடவை எழுந்திருக்கப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பெரியம்மாவின் காது அவர் பக்கம் திரும்ப, அப்படியே அமர்ந்தார். இவ்வளவு நாள் இந்தக் குதிரையைத் தேய்த்தார், கழுவினார், ஓட்டினார். அது மூச்சு விடுவதை ஒரு நாளாவது கேட்டிருக்கிறாரா? பயமாக இருந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. அன்றைக்கு வராந்தாவிலும் இதே பயம்தான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கட்டிலில் கிடப்பவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தைரியம் இல்லாமல்தான் கால் ஓடியது.

இதற்குள் குரூப்பில் ஊரே அமளிப்பட்டது. பம்பரத்திடமிருந்து சத்தமே இல்லை என்றால் பெரியம்மா போய்விட்டது என்றுதானே அர்த்தம்! யாரோ அழும் பொம்மைப் படம் போட, இன்னொருவர் ஆழ்ந்த இரங்கலே எழுதிவிட்டார். குரூப்பில் தானும் இருந்ததால் அதைப் பார்த்த மனைவி, தைத்துக்கொண்டிருந்த துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு, கையில் கிடைத்த சாப்பாட்டை அவருடைய அதே பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

வந்தவர் கொட்டடி வாசலில் அப்படியே நின்றார். குதிரை உயிரோடு நின்றது. அதைவிடப் பெரிய அதிசயம், புருஷன் உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. இதுக்குத்தான். நான் செஞ்ச வேலை. சோப்புப் போட்டுத் தொட்டியைக் கழுவித் தொலைச்சேன். தண்ணி குடிக்காமயே கிடந்திருக்கு. என்னால ஒரு உயிர் போகப் போகுது."

அவர் கண் கலங்கியதை அந்த அம்மாள் பார்த்தார். பையைப் பக்கத்திலிருந்த முக்காலியில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

வெளியே வெயில் மங்கத் தொடங்கியது. பெரியம்மா ஒரு தடவை முனகியது. கால்களை அகட்டியது. வாலைத் தூக்கியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் கெட்டியாய் நாலு உருண்டை விழுந்தது. அப்புறம் எண்ணெய்ப் பளபளப்போடு பொலபொலவென்று.

பம்பரம் வாய்விட்டு அழுதுவிட்டார். டாக்டரம்மா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "அப்பாடா, பிழைச்சுடுச்சு" என்று சிரித்தார். பெரியம்மா டாக்டரம்மா கொண்டு வந்த புது வாளித் தண்ணீரில் மூக்கை விட்டு உறிஞ்சத் தொடங்கியது.

"ஐயோ, குரூப்ல சொல்லணும், எல்லாரும் பதறிட்டு இருப்பாங்க" என்று போனைத் துழாவியபடி பம்பரம் எழுந்தார்.

மனைவி அவர் சட்டையைப் பிடித்தார்.

"டாக்டரம்மா சொல்லிடுவாங்க. நீங்க உட்காருங்க."

"அதான் சரியாயிடுச்சே. இன்னும் எவ்வளவு நேரம்?"

அந்த அம்மாள் முக்காலியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, முக்காலியில் தான் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்க வேண்டிய நேரம் முழுக்க."

பம்பரம் வாளியை மனைவி பக்கமாக இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார்.