தலைவர் பார்த்த சிவப்பு

எங்கள் சங்கத் தலைவர் தக் கிபோங் அளவுக்கு இலையைப் பற்றிப் பேசிய மனிதரை நான் பார்த்ததில்லை. அவர் அளவுக்குப் பேசிக் கழுத்தறுத்தவரையும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததுதான் எங்கள் தலையெழுத்து.

நாங்கள் நேஜாங் மலை அடிவாரத்துக்காரர்கள். பிழைப்புக்காக சியோலுக்கு வந்து, அங்கே கூடிச் சண்டை போட ஓர் ஊர்க்காரர் சங்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். நான் ஜொம்னே, சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள். தக் கிபோங் ஷட்டர் கடை வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கச் சாம்பல் நிற ஷட்டராக மாட்டிவிட்டு, மலையேறும் உடையை மட்டும் கண்ணைக் குத்துகிற மாதிரி போடுவார். ஊதாக் கால்சட்டை, ஆரஞ்சுச் சட்டை, கிளிப்பச்சைத் தொப்பி. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இளம் வயதில் ரயில்வேயில் எஞ்சின் ஓட்டக் கூப்பிட்டார்களாம். இவர்தான் வேண்டாம் என்றாராம். "அரசாங்கச் சம்பளம் யாருக்கு வேணும்? நான் சொந்தக் கால்ல நிக்கிற ஆளு" என்று ஒவ்வொரு விருந்திலும் மார்தட்டுவார். எங்களில் ஒருவரும் நம்பியதில்லை. ஆனாலும் "ஆமா தலைவரே" என்போம். எங்கள் சங்கத்தில் ஆமாம் சாமி போடுவதற்குத்தான் உறுப்பினர்களே இருக்கிறார்கள்.

வருடா வருடம் நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை சொந்த மலைக்கு, குளிர் விழுந்ததும் சிவக்கிற இலையைப் பார்க்கப் போவோம். பஸ் நகர எல்லையைத் தாண்டியதும் முதல் வேலையாக ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிடுவோம். ஓடுகிற பஸ்ஸில் ஆடினால் போலீஸ் பிடிக்கும் என்பதால் அப்படி. பிறகு பாட்டைப் போட்டு, மக்கொல்லி என்கிற அரிசிக்கள் பாட்டிலைத் திறந்து, மலை வரும்வரை இருக்கைகளுக்கு நடுவே ஆட்டம்தான். இலை பார்க்கக் கிளம்பிய கூட்டம் வழியில் ஒரு மரத்தைக்கூடப் பார்க்காது. போய் இறங்கினால் தலைவர் பத்து நிமிஷம் பேசுவார். அதைச் சகித்துக்கொண்டு நேராகச் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயத்தாள் அடை தின்போம். தலைவர் மட்டும் மேலே ஏறிப் போய்விட்டு வருவார். பெருமைக்காகப் போகிறார் என்பது என் முடிவு.

அந்தப் பேச்சும் வருடா வருடம் ஒன்றேதான். "சொராக் மலை இலையைப் பாத்திருக்கீங்களா? முறம் முறமா தொங்கும். நம்ம ஊர் இலை பொறந்த குழந்தையோட கை மாதிரி. அந்தச் சிவப்பு வேற எங்கயும் கிடையாது. எரியுது பாருங்க, எரியுது!"

போன வருடம் அவருக்கு ஒரு கண்டம் காத்திருந்தது. சாப்பாட்டின்போது தலைவர் தேர்தல். எதிரே நிற்பவர் ப்யோ சாங்கூ. தன் பல்லை வெளுப்பாக்கிக்கொண்டதைத் தவிர வாழ்க்கையில் வேறெதுவும் சாதிக்காத ஆள். தான் ஜெயித்தால் அடுத்த வருடம் சொராக் மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார். தலைவருக்குப் பதவி போவதைவிட அதுதான் பொறுக்கவில்லை. "சொந்த ஊர் மலையை விட்டுட்டு அடுத்தவன் மலையைப் பாக்கப் போறதா?" என்று பஸ் ஏறும்போதே புலம்பினார்.

அன்று அவர் மனைவி ஓக்பூன் வரவில்லை. முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். பஸ் நின்றதும் எல்லோருக்கும் முன்னால் குதித்து இறங்குகிறவள் அவள்தான். அடக்க முடியாமல் கழிப்பறைக்கு ஓடுகிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். திரும்பி வந்து புருஷன் காதில் ஏதோ சொல்வாள். அப்புறம்தான் அவர் எழுந்து இறங்குவார்.

இந்த முறை தலைவரே முதலில் இறங்கினார். நாங்கள் பின்னால் தள்ளாடிக்கொண்டு இறங்கினோம். அவர் கருப்புக் கண்ணாடி வழியாக மரங்களைப் பார்த்துக் கைகளை விரித்தார்.

"பாருங்க! எரியுது பாருங்க!"

நான் பார்த்தேன். மலை முழுக்கப் பச்சை. அந்த வருடம் குளிர் விழவேயில்லை. அக்டோபர் முழுக்க மின்விசிறி போட்டுத் தூங்கியிருக்கிறோம். மரங்கள் ஆடி மாதத்து மரங்களைப் போல நின்றுகொண்டிருந்தன.

பின்னாலிருந்து ஒரு குரல், "ஆமா தலைவரே, என்ன சிவப்பு!" என்றது. உடனே இன்னொன்று, "போன வருஷத்தைவிட தேவலை." ப்யோ சாங்கூவும் தன் வெள்ளைப் பல்லைக் காட்டி, "நம்ம மலை நம்ம மலைதான்" என்றார். இத்தனை பெரிய மலையையே பொய் சொல்லி மூடிவிட்ட ஜனங்களோடு ஒரே ஊரில் பிறந்தேனே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓரத்தில் உட்கார்ந்து கஷ்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த அம்மாள் எங்கள் சங்கத்தைச் சேர்ந்தவள் இல்லை. அதனால் வாயைத் திறந்தாள். "என்னத்த எரியுது? இன்னும் பச்சையால்ல நிக்குது. ரெண்டு வாரம் கழிச்சு வந்திருக்கணும் நீங்க."

ப்யோ சாங்கூ ஒரு நொடியில் கட்சி மாறினார். "அதைத்தானே நானும் நினைச்சேன்! அண்ணே, கருப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க. என்ன அண்ணே, வண்டியிலயே ஏத்திட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சற்று முன்பு "என்ன சிவப்பு" என்றவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

கண்ணாடி அவருக்கு ஒரு வழி கொடுத்தது. "அட, கண்ணாடியால வந்த வினை" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியம்கூட மனிதருக்கு இல்லை. மெல்லக் கழற்றினார். மரத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு என்னைத் தேடினார்.

"ஜொம்னே, நீ வாய் கெட்டவ. ஆனா பொய் சொல்லமாட்ட. என்ன நிறம்னு சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஊதாக் கால்சட்டையும் கிளிப்பச்சைத் தொப்பியும் ஒருசேர எனக்கு விளங்கின. இத்தனை வருடம் அவர் கொட்டம் அடங்க வேண்டும் என்று காத்திருந்தவள் நான். அந்த நேரம் கையில் வந்து விழுந்தபோது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"பச்சை, தலைவரே" என்றேன்.

"ஒண்ணுகூடவா சிவக்கல?"

"இங்கேருந்து பாத்தா ஒண்ணுகூட இல்ல."

தலையை ஆட்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மலைப்பாதையில் தனியாக ஏறிப்போனார். நாங்கள் கொட்டகைக்குப் போனோம். அடை வருவதற்குள் தேர்தலும் முடிந்தது. ப்யோ சாங்கூவுக்குக் கை தூக்காதது நான் ஒருத்திதான், அதுவும் அந்தப் பல்லைப் பிடிக்காததால்.

தலைவர், இனி முன்னாள் தலைவர், வெகுநேரம் கழித்து இறங்கி வந்தார். தேர்தல் என்ன ஆயிற்று என்று யாரிடமும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்து தொப்பியை நீட்டினார். உள்ளே ஒரு கைப்பிடி இலை.

"இதுல எதாவது சிவப்பு இருக்கா பாரு. ஓக்பூனுக்குக் கொண்டுபோகணும்."

மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் பச்சை. ஒன்றே ஒன்றில், கை மாதிரி விரிந்த இலையின் ஒரு விரல் நுனி மட்டும் சிவந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். "இதுவா? நிச்சயமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் ஆட்டம் நடந்தது. அவர் தன் பக்கத்துத் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். போலீஸ் பார்த்துவிடும், மூடித் தொலையுங்கள் என்று எல்லோரும் திட்டினார்கள்.

மறுநாள் எள்ளிலைத் தொடுகறி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இலை ஓக்பூனின் தண்ணீர் டம்ளரில் நின்றுகொண்டிருந்தது.

"கல்யாணமான வருஷமே தெரியும்" என்றாள். "சிவந்த மிளகாயாப் பாத்துப் பறிச்சுட்டு வாங்கன்னு தோட்டத்துக்கு அனுப்பினேன். பச்சையும் சிவப்புமா மூட்டை கட்டிட்டு வந்து நிக்குறாரு. ரயில்வேக்காரன் அதுக்குத்தான் திருப்பி அனுப்பியிருக்கான். வெளியில சொன்னா மகனுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்கன்னு வாயைத் திறக்கல."

"அப்போ வருஷா வருஷம் மொதல்ல இறங்கினது?"

"வேற எதுக்கு? போய்ப் பாத்துட்டு வந்து அவர் காதுல சொல்லுவேன். இந்தத் தடவை படுத்துக்கிட்டே, இந்நேரம் செவந்திருக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன். என் தப்புதான்."

"நிறமே தெரியாத மனுஷன் அங்க எதைத்தான் பாக்குறாரு?"

"எனக்கும் தெரியாது. அது காத்துல ஆடுறதைப் பாப்பாரு. வெயில் இலைக்குள்ள நுழைஞ்சு வர்றதைப் பாப்பாரு. கிளம்புன்னா கிளம்பமாட்டாரு."

இந்த வருடம் ப்யோ சாங்கூ சொன்னபடியே சொராக் மலை. திரையை மூடினோம், ஆடினோம், இறங்கினோம். ப்யோ சாங்கூ பேசினார். "ஆமா தலைவரே" என்றோம். கொட்டகையில் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். தக் கிபோங் வரவில்லை. ஒருவரும் அவரைப் பற்றி விசாரிக்கவுமில்லை.

அடை வந்த நேரம் ஓக்பூன் போன் செய்தாள். இருவரும் சாதாரண பஸ் பிடித்து நேஜாங் மலைக்குப் போயிருந்தார்கள்.

"இன்னிக்கு நிஜமாவே எரியுதுடி!" என்று கத்தினாள். "ஒவ்வொரு மரமா நின்னு அவருக்குச் சொல்லிட்டு வரேன். தொண்டை போச்சு. இரு, உன்கிட்ட என்னமோ கேக்கணுமாம்."

போன் கைமாறியது. "ஜொம்னே" என்றது அவர் குரல். "அங்க எப்படி இருக்கு? நீ சொன்னா சரியா இருக்கும்."

தலையைத் திருப்பினால் போதும், மலை பின்னால்தான் இருந்தது. சாங்கூ என் தட்டில் இன்னொரு அடையைப் போட்டார். ஆறிவிட்டால் நன்றாக இருக்காது.

"நல்ல சிவப்பு, தலைவரே" என்றேன்.