கசிந்தால் நிற்கும்

காலையில் சவரம் முடிந்ததும் பாச்சு பிரஷைக் கழுவ மாட்டார். அதில் மிச்சமிருக்கும் நுரையோடு சமையலறைக்கு வந்து, கேஸ் சிலிண்டரின் கழுத்தைச் சுற்றித் தடவுவார். குனிந்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, குமிழி கிளம்புகிறதா என்று பார்ப்பார். கிளம்பாது. ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் மனைவி பாலாம்பாளை அடுப்புப் பற்றவைக்க விடுவார். இந்த மனுஷரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தனக்குக் காபி தாமதம்தான் என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பாச்சுவுக்கு மேல்கோட்டைப் பூர்வீகம். ரயில்வேயில் சேர்ந்து, ரயில் பெட்டிகளின் பிரேக்கைப் பார்த்தே மைசூரில் தலை நரைத்தவர். அந்தக் காலத்து ரயில் பிரேக்குக்கு ஒரு குணம் உண்டு. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து வைத்திருக்கும்வரைதான் சக்கரம் ஓடும். எங்காவது கசிந்து காற்று உள்ளே புகுந்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், ரயில் நின்றுவிடும். பணிக்காலம் முழுக்க இதையே பார்த்த கண்ணுக்கு இது ரயிலின் சங்கதி மட்டும்தான் என்று தோன்றவே இல்லை. பிரேக் என்றாலே இப்படித்தான் என்று மனதில் படிந்துவிட்டது. அவர் சொந்தமாக வைத்திருந்த வாகனம் ஒரு சைக்கிள்.

மைசூர் விஜயநகரில் அவருக்குப் பக்கத்து வீடு சுரேந்தருடையது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக்காரன், தொழிற்சாலையில் வேலை. கை மாறிக் கை மாறி வந்த ஒரு பழைய காரை வாங்கி, விடுமுறை நாட்களில் தானே கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். தெருமுனை மெக்கானிக் மல்லப்பனிடம் ஒன்றைக் காட்டினால் நான்கைக் கழற்றிப் போடுவான் என்பது அவன் எண்ணம். தமிழ் பேசுகிறவர், பிரேக்கிலேயே பழுத்தவர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது?

சுரேந்தரின் மனைவி காவேரியுடைய தங்கைக்கு ராமாபுரத்தில் நிச்சயதார்த்தம். முந்தின நாள் சாயங்காலம் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவன், கையைத் துடைத்துக்கொண்டே மதிலருகே வந்தான்.

"சார், சக்கரத்துக்குள்ள பிரேக் ஆயில் கசிஞ்சு ஈரமா இருக்குதுங்க. மல்லப்பன்கிட்டக் காட்டோணுமா, இல்ல பேசாம பஸ்சுலயே போயிரட்டுங்களா?"

பாச்சு எட்டிப் பார்த்தார். ஈரம் உள்ளங்கை அகலம்கூட இல்லை.

"லீக் ஆனா என்னப்பா ஆகும்? பிரேக் பிடிச்சுண்டு வண்டி நின்னுடும். ஓடற வண்டிதான் ஆபத்து, நிக்கற வண்டி யாரை என்ன பண்ணும்? குறைஞ்ச ஆயிலை ஊத்திண்டு போயிட்டு வா. அப்புறம் பாத்துக்கலாம்."

மறுநாள் இருவரும் காரிலேயே கிளம்பினார்கள். ராமாபுரம் போகும் வழியில், ஹனூருக்கு அப்பால் ஒரு சரிவில் பிரேக் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கார் சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. சுரேந்தரின் உயிர் அங்கேயே போய்விட்டது. காவேரிக்குத் தோள் முறிந்தது.

காரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மல்லப்பன் தெருமுனையில் நின்று கன்னடத்தில் சொன்னதைக் கூட்டத்தின் பின்னால் நின்று பாச்சு கேட்டார். காரில் காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதே அந்த ஆயில்தான். அது வழிந்துவிட்டால் பிறகு மிதித்துப் பயனில்லை. பழைய வண்டியில் ஒரு சக்கரத்தில் ஆயில் போனால் நாலுக்கும் பிரேக் போய்விடும். பாச்சுவுக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தாநாள் மதிலோரம் நின்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும்.

அதன்பின் யாராவது குழாய் சொட்டுகிறது என்று வந்து கேட்டால்கூட, எனக்குத் தெரியாது என்று உள்ளே போய்விடுவார். அவர் மனதை அரித்தது ஒன்றுதான்: நான் சொன்னது காவேரிக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் வந்து திட்டவில்லை? தெரியாதென்றால் சொல்லாமல் எப்படி இருப்பது?

ஒரு நாள் துணிந்து போய் அவள் வீட்டு வாசல் கேட் அருகே நின்றார்.

"காவேரி, அன்னிக்கு மதில்கிட்ட..."

"அதை மட்டும் பேசாதீங்க சார்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அவளுக்குத் தெரியும் என்று அவர் முடிவு கட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவும் இடமில்லை. பிறகு வாசல் பக்கமே வருவதைக் குறைத்தார். சாப்பாடு குறைந்தது. அடுத்தடுத்த மழைக்காலங்களில் நுரையீரலில் சளி கட்டிப் படுத்தார். ஆஸ்பத்திரியில்தான் பாலாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவனை நான்தான் அனுப்பினேன் என்றார். அந்த வாரமே முடிந்துவிட்டது.

காரியத்துக்கு வந்த காவேரியிடம் பாலாம்பாள் அதைச் சொன்னபோதுதான் மற்றது தெரிந்தது. அன்று பாச்சு அத்தனை சொல்லியும் சுரேந்தருக்கு மனம் ஒப்பவில்லையாம். உள்ளே வந்து, காலையில் பஸ்சுக்கே போகலாம் என்று பையைக் கட்டச் சொல்லியிருக்கிறான். ஊரில் காரில் போய் இறங்க ஆசைப்பட்டவள் காவேரிதான். "ரயிலையே நிறுத்துனவரு சொல்றாரு, நம்ம டப்பா வண்டி நிக்காதாக்கும்?" என்று அவள்தான் அவனைக் கேலி செய்து சாவியைக் கையில் கொடுத்திருக்கிறாள்.