கந்தலும் லியாண்டர் பார்டியின் வலது கையும்

லியாண்டர் பார்டியின் வலது கை சும்மா இருந்ததாக வரலாறு இல்லை. கனடாவின் கிழக்குக் கோடித் தீவான நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீனுக்குத் தூண்டில் சுண்டிய கை அது. மீன்பிடிக்குத் தடை வந்து, பாதி ஊர் மேற்கே எண்ணெய் எடுக்கும் ஃபோர்ட் மக்மரிக்குப் பிழைக்கப் பறந்தபோது அதுவும் கூடவே பறந்தது. இரண்டு வாரம் ஆலை, இரண்டு வாரம் வீடு என்று பறந்து பறந்தே முடி நரைத்த பார்டி, இன்று தார்மணல் ஆலையில் நுரை பிரிக்கும் இடத்துக்கு ஷிஃப்ட் தலைவர்.

நுரை என்பது மணலிலிருந்து கழுவியெடுத்த தார். தண்ணீரும் மாவு போன்ற களிமண்ணும் அதை விட்டுப் போக மனமில்லாமல் ஒட்டிக்கிடக்கும். நாப்தா என்ற கரைப்பானை ஊற்றி இளக்கி, பிரிக்கும் மருந்து சொட்டுவிட்டுத் தொட்டியில் நிறுத்தினால், எண்ணெய் மேலே, மற்றது கீழே. நடுவில் இரு கட்சியிலும் சேராத ஒரு சவ்வு நிற்கும். அதற்குக் கந்தல் என்று பெயர். அது தடித்தால் எண்ணெயில் தண்ணீர் தங்கிவிடும். மருந்து குறைந்தால் கந்தல் தடிக்கும். கூடினால் இன்னும் வீம்பாகத் தடிக்கும்.

அன்று ஆளுயரத்துக்குத் தடித்திருந்தது. அன்றைக்குத்தானா! சொந்த ஊரில் மூஸ் மான் சுடும் உரிமம் பல வருடங்களுக்குப் பிறகு குலுக்கலில் பார்டிக்கு விழுந்திருந்தது. ஞாயிறோடு வேட்டைப் பருவம் முடிகிறது. ஊருக்குப் போகும் மாலை விமானத்தை விட்டால் அதற்குள் வேறெதிலும் இடமில்லை. எண்ணெயில் தண்ணீர் அளவை மீறி இருக்கும்வரை ஷிஃப்ட் தலைவர் வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஆலையின் சட்டம்.

"எவன் மருந்தக் கூட்டினது?"

கட்டுப்பாட்டுத் திரையின் முன் இருந்த டார்லீன் கார்டினல் திரும்பவே இல்லை. "நைட் ஷிஃப்ட் கொஞ்சம். மெக்கானிக் கொஞ்சம். காபி குடிக்க வந்தவர் கொஞ்சம். ஆளாளுக்குப் புண்ணியம் சேத்துக்கிட்டாங்க, பெரிசு."

பார்டி மருந்தைக் குறைத்தார். மருந்துத் திருகின்மேல் 'தொட்டால் கை முறியும்' என்று எழுதி ஒட்டினார். போவோர் வருவோருக்கெல்லாம் பொறுமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். மதியத்துக்குள் கந்தல் மெலிய ஆரம்பித்தது.

அப்போது ஊரிலிருந்து மைத்துனன் ஹெட்லி போனில் கூப்பிட்டான். "கெளம்பிட்டியா மச்சான்? இல்ல, அந்தத் தார்க் கஞ்சிக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு இருக்கியா?"

"எறங்கிட்டிருக்குடா!"

"பாத்து. மான் ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் உனக்காக நிக்கும்."

பார்டி கடிகாரத்தைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். வலது கை அரிக்கத் தொடங்கியது.

"பெரிசு, வேணாம். அதுவா எறங்கும்," என்றாள் டார்லீன்.

"ஒரே ஒரு துளி. சும்மா உசுப்பிவிட."

தம் கைப்பட எழுதிய காகிதத்தை ஒதுக்கிவிட்டு, தம் கையாலேயே மருந்தைக் கூட்டினார். தொட்டியின் அடுத்த மாதிரியை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால் சோதனைக் குழாயில் எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை. முழுக்கச் சாக்லேட் கூழ்.

டார்லீன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து மரியாதையோடு பார்த்தாள். "அடேயப்பா. நைட் ஷிஃப்ட்டுக்குக்கூட இவ்ளோ கைராசி இல்ல."

மருந்தை மறுபடி குறைத்தார்கள். விமானம் ஆலைக்கு மேலே உறுமிக்கொண்டு கிழக்கே போனது. பார்டி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார். இனி அவசரப்பட ஏதுமில்லை என்று தெரிந்துகொண்டதுபோல, கந்தல் தன்பாட்டுக்கு அழகாகக் கரைந்தது.

எண்ணெய் தேறிய நேரத்தில் ஹெட்லி மறுபடி கூப்பிட்டான்.

"மச்சான், எங்க இருக்க? மூஸு வந்து உன் தோட்டத்துலயே நிக்குது. முட்டைக்கோஸ் பாத்தியில பாதி முடிஞ்சுது. உரிமம் உன் பேர்ல, நான் சுட்டா ஜெயிலு. என்ன பண்ணட்டும்?"

பார்டி தம் வலது கையைப் பார்த்தார்.

"ஒண்ணும் பண்ணாதடா," என்றார். "கைய வச்சுக்கிட்டு சும்மா இரு."