பொறு அண்ணன் சொன்னால் சரி

கையில் காசோடு கடைக்கு வந்தவரை, இன்றைக்கு வாங்காதீர்கள் என்று திருப்பி அனுப்புகிற விற்பனையாளரை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். இங்கே ஒருவர் வைத்துக்கொண்டார், அதுவும் இருபத்தொரு வருஷமாக. கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் நாலு மாடிக் கட்டடம் அது. இரண்டாம் மாடியில் படியேறியதும் இடது கைப்பக்கம் மூன்றாவது கடை. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நிற்பவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி டீ கொண்டுவருகிறவரிலிருந்து லிஃப்ட் ரிப்பேர்காரர் வரை எல்லோருக்கும் அவர் பொறு அண்ணன்.

அவர் விற்பது கிராபிக்ஸ் கார்டு. கம்ப்யூட்டருக்குள் படம் போடுகிற வேலையை மட்டும் தனியாகச் செய்கிற அட்டை. அட்டை என்று சொல்வதே வழக்கத்துக்காகத்தான். உயர்ந்த ரகக் கார்டு ஒன்று செங்கல் கனம் கனக்கும், மூன்று விசிறி வைத்திருக்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி யானை விலை குதிரை விலை. விளையாடுகிறவர்கள் ஆசைக்கு வாங்குவார்கள். படம் வெட்டி ஒட்டுகிறவர்களும் கட்டடம் வரைகிறவர்களும் பிழைப்புக்கு வாங்குவார்கள். யார் வந்து கேட்டாலும் பொறு அண்ணன் முதலில் கேட்பது ஒன்றுதான்: அவசரமா? இல்லை என்று சொல்லிவிட்டால் போச்சு. இன்னும் ஐந்து வாரத்தில் புது மாடல் வருகிறது, அது வந்தால் இது கால்வாசி இறங்கும், பொறுங்கள் என்பார்.

அவருக்கு வேதம் அந்த ஒரு வரிதான். புதுசு வந்தால் பழசு இறங்கும். இருபது வருஷத்தில் அது ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அவர் பேச்சைக் கேட்டு நாற்பது நாள் பொறுத்த ஒரு போட்டோக்காரர், மிச்சமான காசில் பெரிய திரை ஒன்று வாங்கிக்கொண்டு, அதைத் தூக்கிக்கொண்டே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். முதலாளி ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் திருப்பி அனுப்பிய ஆள் போகும்போது ஒருவராகப் போய், வரும்போது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தால் எந்த முதலாளிக்குக் கசக்கும்? பொறு அண்ணன் சொன்னால் சரி என்று அவரும் விட்டுவிட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். துணி துவைக்கும் மெஷின் வேண்டும் என்று மனைவி கேட்டு, இவர் விலை இறங்கட்டும் என்று பதினொரு மாதம் இழுத்தார். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா என்று ஒரு நாள் கேட்டும் வைத்தார். ஆறிப்போய் ஊசியும் போச்சு என்று அந்த அம்மாள் சொன்ன பதில் மாடி முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது இவரேதான். தன்னைப் பற்றிய கேலியைத் தானே சொல்லிச் சிரிக்கிற ரகம் அவர்.

ஒரே மகள். ஊரின் மறுகோடியில் இரண்டு அறை வீட்டில், தன்னைப் போலவே வேலை செய்கிற ஒரு சிநேகிதியோடு இருக்கிறாள். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத கட்டடத்துக்குள் ஆளை நடக்கவிட்டுக் காட்டுகிற வீடியோ செய்வது அவள் தொழில். கதவு திறக்கும், ஜன்னலில் வெயில் விழும், மாடிப்படி ஏறலாம். கட்டடம் மட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். ஒரு வாரம், போனை அப்பாவிடம் கொடு என்றாள். ஒரு கட்டுமானக் கம்பெனி ஏழு மாடி ஆஸ்பத்திரி கட்டப் போகிறது, வீடியோ வேலை ஒரு வருஷத்துக்கு உண்டு, தன்னிடம் இருக்கிற பழைய கார்டு அந்தப் பாரத்தைத் தாங்காது, உயர்ந்த ரகம் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டாள்.

எத்தனை நாள் அவகாசம் என்று இவர் கேட்டார். கொஞ்ச நாள் இருக்கிறது என்றாள்.

"அப்ப பொறும்மா. அடுத்த மாசம் புதுசு வருது. பதறாத காரியம் சிதறாது."

சரிப்பா என்றாள். அப்போது அந்தக் கார்டின் விலை அவருடைய மூன்று மாதச் சம்பளம்.

அடுத்த மாதம் புதுசு வந்தது. கடைக்கு வந்ததே இரண்டு பெட்டி. காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினார்கள், பத்தேகாலுக்கு இரண்டும் இல்லை. கிடைக்காதவர்கள் எல்லோரும் பழைய மாடலின் மேல் விழுந்தார்கள். பழசு இறங்கவில்லை, ஏறியது. பொறு அண்ணன் அசரவில்லை. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும் என்றார். இரண்டாம் வாரமும் ஏறியது. மொத்த வியாபாரி தினமும் காலையில் போனில் விலை சொல்வார், இவர் பெட்டியின் மேல் புது விலைச்சீட்டு ஒட்டுவார். பழைய சீட்டைக் கிழித்தால் பெட்டியின் தோல் உரியும் என்பதால் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவதுதான் அங்கே வழக்கம். ஆறாவது வாரம் விரலால் தடவினாலே சீட்டின் தடிமன் தெரிந்தது.

காரணம் அவருக்குத் தெரியாமல் இல்லை. எங்கேயோ பெரிய பெரிய கம்பெனிகள் செயற்கை அறிவுக்கென்று கிடங்கு கிடங்காக மெஷின் அடுக்குகிறார்கள். கார்டுக்கு வேண்டிய மெமரி சிப்பை அவர்கள் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். மிச்சம் மீதி சிந்தியதுதான் இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு வருகிறது. இதையெல்லாம் அவர் மற்றவர்களுக்கு நன்றாகவே விளக்கினார். ஆனால் இருபது வருஷம் பார்த்த கண்ணை அவரால் நம்பாமல் இருக்க முடியவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனாக இருந்தால் ஏறுகிறதே என்று பயந்து அன்றைக்கே வாங்கச் சொல்லியிருப்பான். இவ்வளவு அனுபவம் இருந்தால்தான் இவ்வளவு பெரிய தப்பைச் செய்ய முடியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வந்தது. "என்ன விலைப்பா இப்ப?" என்பாள். இவர் சொல்வார். ஏன் ஏறியது, எந்தக் கப்பல் தாமதம், எந்த ஃபாக்டரி எதை நிறுத்தியது என்று விவரமாகச் சொல்வார். பத்து நிமிஷம் இருபதானது, இருபது முக்கால் மணியானது. அவளும் நடுநடுவே கேள்வி கேட்பாள். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். கம்பெனிக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கடைசியில் இவர் கேட்டால், இன்னும் கொஞ்சம் டைம் கேட்டிருக்கிறேன் என்பாள். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது.

விலை நாலு மாதச் சம்பளமானது. நாலரையானது. மாடியில் கேலி தொடங்கியது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பீர்களே, ஒரு கார்டைக்கூட ஆள முடியவில்லையே என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார். முன்பு என்றால் பொறு அண்ணன் அதற்கு மேல் ஒன்று போட்டுச் சிரித்திருப்பார். இப்போது முகத்தில் ஈயாடவில்லை. அவர் பேச்சைக் கேட்டுப் பொறுத்த எடிட்டர் ஒருவர் ஒரு மத்தியானம் வந்தார். திட்டவில்லை. கண்ணாடிக்குள் இருந்த விலைச்சீட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது. அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் பொறுங்கள் என்றும் சொல்வதில்லை, வாங்குங்கள் என்றும் சொல்வதில்லை. பெட்டியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுச் சும்மா நிற்பார்.

அடுத்தவர் நஷ்டத்தை ஒரு மாதிரி செரித்துக்கொள்ளலாம். மகள் விஷயம் அப்படியில்லை. மற்றவர்கள் நாலு கடை ஏறி இறங்கி நாலு பேரைக் கேட்டு வந்தவர்கள். அவள் இவரை மட்டும் கேட்டாள், கேட்டபடி செய்தாள். பதினெட்டாவது ஞாயிற்றுக்கிழமை விலை ஐந்தரை மாதச் சம்பளம். மாதக் கடைசியோடு ஆஸ்பத்திரி வேலை கையை விட்டுப் போய்விடும் என்று இவர் தானே ஒரு தேதி வைத்துக்கொண்டார். அவள் அப்படிச் சொல்லவில்லை. பயப்படுகிறவருக்குத் தேதி கொடுக்க ஆள் வேண்டாமே.

கீழ்வரிசையில் வலது பக்கம் அவருக்கு மூன்று பல் கிடையாது. கட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருஷமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் பாங்கில் இருந்தது. ஒரு பக்கமாக மென்று பழகிவிட்டது, பொறுக்கலாம் என்று முடிவு செய்தார். அது போதாது. அதனால் முதலாளியிடம் போய், கார்டு ஒன்று கொள்முதல் விலைக்கு வேண்டும் என்றார்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். யாருக்கு என்றார். பொண்ணுக்கு என்றார் இவர். அவளிடம் கேட்டீர்களா என்று முதலாளி கேட்டார். கேட்டால் வேண்டாம் என்பாள் என்றார். முதலாளி பேனாவை மூடி வைத்தார். தானே எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து வந்தார்.

"அண்ணா, இதைப் பிரிக்காம அப்படியே அவ கையில குடுங்க. சீல் உடைய வேண்டாம். என்ன?"

நல்ல மனுஷன், வயசாகிவிட்டது, மாட்டும்போது நமக்குக் கை தவறிவிடும் என்று சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இவர் கிளம்பினார்.

சனிக்கிழமை மூன்று மணி. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக் போட்டபோதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். மகள் வீட்டுக்கு அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்றாம் மாடி. சிநேகிதி கதவைத் திறந்து, அவர் முகத்தையும் கையில் இருந்த பெட்டியையும் பார்த்து, உள்ளே வாங்க அங்கிள் என்று சொல்லிவிட்டு, ஏதோ வாங்க வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மகள் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாள். காதில் ஹெட்போன். திரையில் ஆஸ்பத்திரி. நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் கதவுகள், தரையில் ஜன்னல் வெளிச்சம். ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை; தண்ணீரில் மிதப்பதுபோல் படம் நகர்ந்து போனது. பழைய கார்டில் இது ஓடாது. இருபத்தொரு வருஷம் விற்றவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேஜைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கண்ணாடிக்குள் மூன்று விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தார். அவர் கையில் இருக்கும் அதே மாடல். ஓரத்தில் அவர் கடையின் வாரண்டிச் சீட்டு, முதலாளியின் கையெழுத்தில் தேதி. அவள் முதன்முதலில் கார்டு பற்றிக் கேட்டு அவர் பொறு என்று சொன்னாரே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.

ஹெட்போனைக் கழற்றித் திரும்பியவள், அப்பா குனிந்து நிற்பதையும் கையில் இருந்த பெட்டியையும் பார்த்தாள். எழுந்தாள். ஒளிக்க இனி எதுவும் இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

கம்பெனிக்காரர்கள் பத்தே நாள்தான் கொடுத்தார்களாம். அப்பா சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கடைக்கு வந்து வாங்கினாளாம். சொல்ல வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டதும் அவள்தான். சீல் உடைய வேண்டாம் என்று முதலாளி சொன்னது பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் என்று இவருக்கு இப்போது விளங்கியது. ஆஸ்பத்திரி வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரியும்.

பொறு அண்ணனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதில் சந்தேகம் இல்லை. பதினெட்டு வாரமாகச் சுமந்த பாரம் இறங்கிவிட்டது. மகள் பிழைத்தாள். தன் பேச்சைக் கேட்காததால் பிழைத்தாள். அந்த இரண்டாவது நினைப்பு வந்த பிறகுதான் கோபம் வந்தது. பெட்டியைக் கட்டிலில் வைத்தார்.

"வாங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"நீங்க இவ்வளவு கவலைப்படுவீங்கன்னு எனக்குத் தெரியலப்பா. சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்னு முதல்ல சொல்லல."

"சரி, முதல்ல சொல்லல. அப்புறம் வாரா வாரம் எதுக்கு என்கிட்ட விலை கேட்ட?"

அவள் ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அதைக் கேக்கலன்னா, நாம ரெண்டு பேரும் என்னப்பா பேசியிருப்போம்?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். திரையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் ஓடி முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இதற்கு முன் எத்தனை வருஷம் நல்லா இருக்கியா, இருக்கேன், அம்மாகிட்ட குடுக்கிறேன் என்று மூன்றே வாக்கியத்தில் போன் கைமாறியது என்று நினைத்துப் பார்த்தார். கணக்கு வரவில்லை. இப்போது ஏதாவது பேச வேண்டும், அதுவும் விலையில்லாத வேறு ஏதாவது என்று அவருக்குத் தெரிந்தது. அவளுக்கு என்ன பிடிக்கும், யார் சிநேகிதர்கள், இந்த அறையில் மத்தியானம் இப்படிக் காய்கிறதே எப்படி உட்கார்கிறாள், எதையாவது கேட்கலாம். எல்லாம் மனதில் வந்து நின்றன. ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"திங்கட்கிழமை இன்னும் ஏறும்னு சொல்றாங்க" என்றார்.

மகள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்படியா? எவ்வளவுப்பா?"